மிதப்புக்கட்டை கட்டிய வாலிபால் வலை

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ஒரு வழி சொல்லுங்கள், அதுவும் கடற்கரைச் சாலை நெரிசலில் மாட்டாமல் சொல்லுங்கள் என்று போன மாதம் வாசகர்கள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம். இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பிள்ளைகளோடு, பேரப்பிள்ளைகளோடு, ஒருமுறை அலுவலகமே திரண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எழுபதுகளின் நடுவில், தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. எனக்கு இருபத்து நான்கு வயது. அன்றைக்கு நான் கல் கோயிலைப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை எஸ்தர் இந்தியாவுக்காக வாலிபால் ஆடுவதைப் பார்க்கப் போனேன். அவளை ஆட விடுவார்களா என்பதுதான் கேள்வி.

எங்களைப் பற்றி இரண்டு வரி. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பாதான் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து செங்கல்பட்டில் ஒரு குவார்ட்டர்ஸும் மாதச் சம்பளமும் பார்த்தவர். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்தர் ஐந்தடி ஒன்பது அங்குலம் வளர்ந்தாள். வீட்டு நிலைப்படியில் தினம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்வாள். அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று அம்மா கவலைப்பட, பள்ளிக்கூடத்து டீச்சர் அவள் கையில் பந்தைக் கொடுத்தார். மாவட்டம், மாநிலம் என்று போய் இருபதாவது வயதில் இந்திய அணியில் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆளாக வந்து நின்றாள்.

அந்த வாரம் இந்தியா, இலங்கை, மலேசியா என்று மூன்று நாட்டுப் பெண்கள் சென்னையில் ஆடினார்கள். ஆபீஸ் விட்டதும் தினமும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்தது என்ன? எஸ்தர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை. ஆடுகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பாள், தண்ணீர் கொடுப்பாள், எழுந்து கைதட்டுவாள், மறுபடி உட்காருவாள். முதுகில் பதினொன்று என்று எண் போட்ட நீல ஜெர்சி நாலு ஆட்டமும் வேர்க்காமல் இருந்தது. தங்கச்சி ஜெர்சிக்கு இஸ்திரியே தேவையில்லை என்று நான்கூட கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நர்ஸ் பயிற்சியில் சேர வேண்டும். மூன்று வருஷம் விடுதி, நைட் டூட்டி. பந்தைத் தொட முடியாது. ஜெர்சியையும் ஞாயிற்றுக்கிழமை துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மிச்சம் இருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டும். மலேசியாக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்திய அணியையும் இலங்கை அணியையும் காலையில் மாமல்லபுரம் அழைத்துப்போய்ச் சிற்பங்களைக் காட்டுவது, மதியம் மூன்றரைக்கு அங்கேயே பள்ளி மைதானத்தில் ஒரு கண்காட்சி ஆட்டம், இரவு இலங்கைக்காரர்களைச் செங்கல்பட்டில் போட் மெயில் ரயில் ஏற்றி ராமேஸ்வரம் அனுப்புவது, அங்கிருந்து அவர்கள் கப்பலில் ஊருக்குப் போவது என்று ஏற்பாடு. கடைசி ஆட்டத்திலாவது இறக்குவீர்களா என்று எஸ்தர் கோச்சிடம் கேட்டாள். அவர் கேரளாக்காரர், நேர்மையான மனுஷர். சீஃப் கெஸ்ட் வருகிறார், பார்க்கலாம் என்றாராம்.

மாமல்லபுரத்து மைதானத்தில் கம்பம் உண்டு, நல்ல வலை இல்லை. சென்னையில் கட்டியிருந்த வலைகளை வேறு ஊர்ப் போட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் அளவான வலை இருக்கிறது, என் அக்கா அந்த வழியாகத்தான் வருகிறாள், எடுத்துவருவாள் என்று எஸ்தர் கோச்சிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். நானும் இது ஒரு வேலையா என்று சொல்லிவிட்டேன்.

சரி, பயணம்.

எழும்பூரில் காலை 6.10 பாசஞ்சர். செங்கல்பட்டு 56 கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு என்று ஞாபகம். 7.50க்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி செங்கல்பட்டை நெருங்கும்போது ஜன்னலோரம் கொளவாய் ஏரி வரும், தவறவிடாதீர்கள். தை மாதத்தில் தளும்ப இருக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்ந்து எழுபத்தைந்து காசு. அன்று நான் கட்டியிருந்தது வெளிர் மஞ்சள் நைலக்ஸ் புடவை. அப்போது நைலக்ஸ்தான் மவுசு. முதல் சம்பள உயர்வில் வாங்கி, இந்தியா ஆடுகிற ஆட்டத்துக்குக் கட்ட வேண்டும் என்று எடுத்துவைத்திருந்தேன். அதில் சாம்பார் படாமல் சாப்பிட்டதே பெரிய சாதனை.

பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வலையைக் கோணியில் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார். எலிப் புழுக்கை நாற்றமும் சுண்ணாம்புத் தூளுமாக அதைத் தொடவே கூசியது. அவரே சைக்கிள் கேரியரில் வைத்து பஸ் ஸ்டாண்டுவரை தள்ளிவந்து கொடுத்தார். 9.15க்கு மாமல்லபுரம் பஸ். 29 கிலோமீட்டர், தொண்ணூற்றைந்து காசு.

இனி வருவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, “முக்கியமான பொருளுன்னா மடியில வெச்சுக்கம்மா, எடம் கீது” என்றார். நான் மூட்டையைப் பார்த்தேன், என் மடியைப் பார்த்தேன், மஞ்சள் நைலக்ஸைப் பார்த்தேன். “பரவாயில்லைங்க, மேல போட்டுடுங்க” என்றேன். கிளீனர் ஏணியில் ஏறி டாப்பில் எறிந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனேன்.

திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர். அங்கே இருபது நிமிடம் நின்றது. மலைமேல் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்க்கும் கூட்டம் அந்நேரமே ஏற ஆரம்பித்திருந்தது. அதைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரம். ஒரு திருப்பத்தில் தலைக்கு மேலே சர்ரென்று நீளமாக ஒரு சத்தம். டிரைவர் நிறுத்தவில்லை. யாரோ கீரைக்கூடை போச்சு என்றார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி டாப்பைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

10.35க்கு மாமல்லபுரத்தில் இறங்கினேன். கிளீனர் கீழே கொடுத்தது பாதிக் கோணி, பாதி வலை. டீக்கடை பெஞ்சில் போட்டு இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். நடுவில் ஓர் ஆள் குனியாமல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேல் கயிறு அறுந்து, மேலே தைத்திருந்த கேன்வாஸ் பட்டை நார்நாராகத் தொங்கியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியதால் நின்றுகொண்டே இருந்தேன்.

இரண்டு அணியும் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அக்கா, வலை?” என்றாள். டீக்கடைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். “கண்டக்டர் கேக்கவே இல்லடி, பிடிவாதமா மேல போட்டுட்டார்” என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பின்னாலேயே வந்த கோச், “மூணு மணிக்கு வலை இல்லைன்னா ஆட்டம் இல்லை. சீஃப் கெஸ்டுக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அணியோடு போய்விட்டார். எஸ்தர் திரும்பிப் பார்க்காமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வலை கிழிந்தால் எங்கே போவது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் கையைக் காட்டினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இப்போது புடவையைப் பற்றி நினைப்பே இல்லை.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, நடந்தால் பத்து நிமிடத்தில் குப்பம். காலையில் கரை ஏறிய கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் கன்னியப்பன் என்பவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி பூங்காவனம் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையைப் பிரித்தேன்.

“இன்னாமா இது, வலைக்கண்ணு இவ்ளோ பெர்சா கீது? சொறாவுக்கா?” என்றார் கன்னியப்பன்.

“மீனுக்கு இல்லீங்கண்ணா. பந்தாட்டத்துக்கு. பொம்பளைப் பிள்ளைங்க ஆடுறது.”

“பந்து புடிக்கவா?”

“இல்லை, பந்து இதுல மாட்டக் கூடாது. மேலால போகணும்.”

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “மாட்டக் கூடாதுன்னா வலை இன்னாத்துக்கு?”

பூங்காவனம்தான் காப்பாற்றினார். “அது இன்னாத்துக்கா இருந்தா உனுக்கு இன்னா? கிழிஞ்சிகீது, தை.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற? நாஸ்தா துன்னியா?” என்று கேட்டார். என் தங்கச்சி இந்தியாவுக்கு ஆட வந்திருக்கிறாள், இன்று ஆடாவிட்டால் எப்போதும் இல்லை, வலை என்னால் கிழிந்தது என்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் நெத்திலியைப் புரட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “ரெண்டு மணிக்கு வா, எல்லாம் ரெடியா இருக்கும்” என்றார்.

பதினொன்றரையிலிருந்து இரண்டுவரை சுற்றிப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. கடற்கரைக் கோயிலில் அலைச் சத்தம், ஊருக்குள் வந்தால் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தம், இரண்டும் நினைவில் இருக்கிறது. மற்றபடி எந்தப் பாறையைப் பார்த்தாலும் அதில் ஒரு ஓட்டைதான் தெரிந்தது. நீங்கள் போகும்போது நிம்மதியான மனதோடு போங்கள், ஐந்து ரதங்களையும் சேர்த்துப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும்.

இரண்டு மணிக்குப் போனால் வலை புதுக் கோணியில் கச்சிதமாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. கேன்வாஸ் பட்டையைக்கூடப் பழைய கட்டுமரப் பாய்த் துணியால் தைத்துவிட்டோம் என்றார் பூங்காவனம். கையில் இருந்த ஐந்து ரூபாயை நீட்டினேன். கன்னியப்பன் வாங்கவில்லை. “வெச்சிக்கம்மா. பொண்ணுங்க ஆடறத வந்து பாத்துக்கறோம், அது போதும்” என்றார். என் சந்தோஷத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டையோடு மைதானத்துக்கு ஓடினேன். இதைத்தான் சொல்வார்கள், சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று.

மூன்று மணிக்கு மைதானத்தில் நல்ல கூட்டம். அரைக்கால் சட்டை போட்ட பெண்கள் பந்து ஆடப்போகிறார்கள் என்ற செய்தி கல்பாக்கம்வரை போயிருந்தது போல. சீஃப் கெஸ்ட் வந்து வெள்ளைத்துணி விரித்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வலையைப் பிரித்தார்கள். மேல் கயிறு நெடுக ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு மிதப்புக்கட்டை. அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டு. அது போதாதென்று வலையைப் புதுக் கயிற்றில் தொளதொளவென்று தளர்த்திக் கட்டியிருந்தார் கன்னியப்பன். இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கட்டினால் அது காற்றில் உப்பிக்கொண்டு நின்றது. தைத்த இடம் மட்டும் எங்கே என்று தேடினாலும் தெரியாத அளவு சுத்தம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

கன்னியப்பன் குப்பத்து ஆட்கள் பதினைந்து பேரோடு முன்வரிசையில் நின்றிருந்தார். யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. நான் அருகே போய் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. “மெதப்பு இல்லாம, குண்டு இல்லாம ஒரு வலைய கைல குடுத்தா நாளைக்கு எம் பேரு இன்னாவறது? தொங்கலு வுடாம கட்டுனா எந்த வலை நிக்கும், நீயே சொல்லு” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. முப்பது வருஷத் தொழில் அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பந்து மாட்டக் கூடாது என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை, அவ்வளவுதான்.

கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது இலங்கை அணியில் ஏழாம் எண் போட்ட பெண் வலைக்கு அருகே வந்து குனிந்து பார்த்தாள். “அக்கா, இது எங்கட மன்னார் வலை மாதிரியெல்லோ கிடக்கு. ஆர் கட்டினது?” என்று தமிழில் கேட்டாள். அதுவரை சிங்களம்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்பாவும் மீன்பிடிக்கிறவராம். உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். எஸ்தரும் வந்து உட்கார்ந்தாள். பூங்காவனம் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தியா ஒரு பக்கம், இலங்கை ஒரு பக்கம், குப்பம் நடுவில் என்று வலையைச் சுற்றி உட்கார்ந்து கட்டை கழற்றினார்கள்.

இந்த வேலைக்கு நேரம் பிடித்தது. சீஃப் கெஸ்டுக்குச் செங்கல்பட்டில் ஐந்து மணிக்கு வேறொரு விழா. கைக்கடிகாரத்தை நாலு தடவை பார்த்தார். 3.50க்கு எழுந்து, இரண்டு அணியையும் வரிசையாக நிற்கவைத்துக் கைகுலுக்கிவிட்டு, ஆட்டத்தைப் பார்க்க முடியாததற்கு வருத்தம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். கோச் ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் என்னால்தான். எஸ்தர் தலைநிமிராமல் கட்டை கழற்றிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு கட்டையில் இருபத்தொன்று வந்துவிட்டது. கடைசி ஒன்றை அறுக்கப்போனபோது கன்னியப்பன் பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “அத்த தொடாத. தையலோட கயிறு அதுலதான் முடிஞ்சிகீது. அறுத்தா பூரா வுட்டுடும்.” ஆக, வலையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஒரு கட்டை மட்டும் இருந்துவிட்டது. ஈயக்குண்டைக் கழற்ற வேண்டாம் என்று மன்னார்ப் பெண்தான் சொன்னாள். கடற்காற்று பலமாகத் திரும்பியிருந்தது, குண்டு இருந்ததால் வலை ஆடாமல் தொங்கியது. தொங்கலை எடுக்கக் கன்னியப்பனும் ஆட்களும் கரைவலை இழுப்பதுபோல் மேல் கயிற்றை இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் மணலில் நட்ட கம்பமே சாய்ந்தது. முளை அடித்தும் நிற்கவில்லை. “நாங்க புடிச்சிகினு இருக்கோம், நீங்க ஆடுங்க” என்று பக்கத்துக்கு நாலு பேராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் காலை ஊன்றி நின்றுவிட்டார்கள்.

நடுவர் அளவுக்கோலை வைத்துப் பார்த்தார். பெண்கள் வலைக்கு இரண்டு மீட்டர் இருபத்து நாலு சென்டிமீட்டர். சரியாக இருந்தது. அந்த ஒற்றைக் கட்டையில் பந்து பட்டால் வலையில் பட்டதாகவே கணக்கு என்று இரண்டு கேப்டனிடமும் சொன்னார். ஆறு மணிக்கு மேல் பந்து தெரியாது, அதனால் இரண்டே செட் என்று முடிவானது. 4.30க்கு விசில்.

முதல் செட்டில் வழக்கமான ஆறு பேர். இந்தியா 15-10. எஸ்தர் துண்டு கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். நான் ஜெபம் பண்ணினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் எனக்கு வாயே அசையவில்லை. செட் முடிந்து இடம் மாறும்போது கோச் காலியாகக் கிடந்த அந்த வெள்ளைத்துணி நாற்காலியைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். “இனி யாருக்குக் காட்டணும்? உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் போய் ஆடுங்க” என்றார்.

எஸ்தர் கழுத்தில் துண்டோடே உள்ளே போய்விட்டாள். நடுவர் விசிலடித்துத் துண்டைக் காட்டினார். திரும்ப ஓடிவந்து அதை என் கையில் எறிந்துவிட்டுப் போனாள். அந்தத் துண்டைத்தான் நான் அடுத்த முக்கால் மணி நேரமும் பிழிந்துகொண்டு நின்றேன்.

அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயின்ட், அதனால் ஒரு செட் இழுத்துக்கொண்டே போகும். இலங்கையும் தன் மாற்று ஆட்களை இறக்கியது. மன்னார்ப் பெண் எதிர்ப்பக்கம். எஸ்தர் முதல் பந்தை வெளியே அடித்தாள். இரண்டாவதை வலையில் அடித்தாள். மூன்றாவதை அடித்தபோது எதிர்ப்பக்கம் மூன்று பேர் நின்றும் அது மணலில் குழி பறித்தது. குப்பத்துக்காரர்கள் கத்தினார்கள். கத்தினவர்கள் கயிற்றை விட்டுவிடப் போகிறார்களே என்று நடுவர் பயந்தார். 5-8, 9-9, 12-11. ஜெர்சி முதுகோடு ஒட்டிக்கொண்டு கறுநீலமாகிவிட்டது. இனி இஸ்திரி போடாமல் முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

13-14. இலங்கை சர்வீஸ். இந்தியப் பக்கம் பந்தை எடுத்தார்கள், தூக்கிக் கொடுத்தார்கள், மூன்றாவது தொடுகை எஸ்தருடையது. நல்ல உயரம், நல்ல அடி. பந்து வலைக்கு மேலே போயிருக்க வேண்டியது. நேராகப் போய் அந்த ஒற்றைக் கட்டையில் டப்பென்று பட்டு, மேலே எழும்பி, அவள் காலடியிலேயே விழுந்தது. செட் இலங்கைக்கு. ஆளுக்கு ஒன்று, ஆட்டம் சமம்.

கயிற்றைப் பிடித்தபடியே கன்னியப்பன் சொன்னார்: “வலைன்னா ஒண்ணயாச்சும் புடிக்கணும் இல்ல?”

முதலில் சிரித்தது எஸ்தர்தான். சிரித்துச் சிரித்து ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னார்ப் பெண் வலைக்கு அடியில் நுழைந்து வந்து அவளைத் தூக்கிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் நான் என் தங்கை சிரித்துப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் அழுதேன். பூங்காவனம், “கெலிச்சாலும் அழுவுற, தோத்தாலும் அழுவுற, உன்னோட பேஜாரா பூடுச்சி” என்றார்.

கிளம்பும்போது கன்னியப்பன் கத்தியால் அந்தக் கட்டையை அறுத்து எஸ்தரிடம் கொடுத்தார். தையல் விட்டுவிடுமே என்றாள். “ஆட்டந்தான் முடிஞ்சிச்சே. இனிமே வுட்டா இன்னா? ஸ்கூலுக்கு வேற தைச்சித் தரேன்” என்றார். சொன்னபடி அடுத்த வாரம் தைத்தும் கொடுத்தார், இந்தத் தடவை மிதப்பு இல்லாமல்.

6.20க்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் செங்கல்பட்டு. கோச் எஸ்தரிடம் வெளிப்படையாகவே சொன்னார்: “அந்த சீஃப் கெஸ்ட் உட்கார்ந்திருந்தா நான் உன்னை இறக்கியிருக்க மாட்டேன். ஜெயிச்சுக் காட்டணும்னு அதே ஆறு பேரைத்தான் கடைசிவரை வெச்சிருப்பேன்.” எனக்குப் பின்சீட்டில் காதில் விழுந்தது. அதற்கப்புறம்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. போட் மெயில் ஜன்னலில் மன்னார்ப் பெண், “அடுத்தமுறை எங்கட ஊருக்கு வாங்கோ, நல்ல வலை கட்டித் தாறம்” என்று சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச வருஷத்தில் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. அவளைப் பற்றிப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

எஸ்தர் அதன்பின் இந்தியாவுக்கு ஆடவில்லை. நர்ஸ் ஆனாள், கல்யாணம் ஆனது, அவளைவிட இரண்டங்குலம் குட்டையான மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் கட்டில் தூக்கவும் ஸ்டோர் ரூம் மேல்தட்டில் எட்டவும் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். மிதப்புக்கட்டை அவள் வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கிறது. “அது கண்காட்சி ஆட்டந்தானே” என்று அவள் வீட்டுக்காரர் சீண்டுவார். “ஜெர்சியில இந்தியான்னுதான் போட்டிருந்துச்சு” என்பாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போது செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் நிறைய இருக்கிறது, காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள், அதே 29 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோயில்களை வெயிலுக்கு முன்னால் முடித்துவிட்டு மதியம் குப்பத்துப் பக்கம் நடந்து பாருங்கள். வலை தைக்கிறவர்களைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம், கேட்டால் பேசுவார்கள். தண்ணீர் பாட்டிலும் பழைய செருப்பும் அவசியம். புதுப் புடவை வேண்டாம்.

இதைப் போடுவதற்கு முன்னால் நேற்று எஸ்தருக்குப் போனில் படித்துக் காட்டினேன். கண்டக்டர் இடம் வந்ததும் நிறுத்தினேன். “இத்தனை வருஷமா கண்டக்டர் மேல பழியைப் போட்டுட்டேன்டி” என்றேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்கா” என்றாள். “அந்த மூட்டையை ஸ்கூல்ல நாலு வருஷம் தூக்கினவ நான். நெஜமாவே கண்டக்டர்கிட்ட மல்லுக்கட்டியிருந்தா சுண்ணாம்பு ஒட்டாம இருக்காது. நீ வந்து நின்னப்போ உன் மஞ்சள் புடவையில ஒரு பொட்டு அழுக்கு இல்லை.”

“அப்புறம் ஏன்டி ஒண்ணும் கேக்கல?”

“சாயங்காலம் வரைக்கும் உன்னைக் கொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறந்தான் ஆடிட்டேனே.”

கட்டுரையின் கடைசி வரியாக, முக்கியமான மூட்டையை பஸ் டாப்பில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் அடித்துவிடு என்றாள். அடித்துவிட்டேன்.